ஒரே ஜீப் ஓடும் ஊரில் ஒரு பிரௌசர்

1. புரட்டாசி, இரண்டாம் செவ்வாய்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே மெஷின். அன்று காலை, ஊருக்கு வரும் ஒரே ஜீப்பிலிருந்து முதலில் இறங்கிய கமலா அக்கா, தன் மகளுக்கு வரும் வலிப்புக்கு வேலூரில் எங்கே வைத்தியம் என்று தேடச் சொன்னார். தேடிச் சொன்னேன். அவர் வெளியே போனதும் வெள்ளையன் உட்கார்ந்தார். அந்த மகளைத் தன் பையனுக்குப் பெண் கேட்டிருப்பவர்.

"வேலூர்ல புளி இன்னா வெலன்னு பாக்கணும். நானே அடிக்கிறேன், வுடு."

'வ' தட்டியதுமே கீழே விரிந்தது: வலிப்பு வைத்தியம்.

"இன்னாம்மா இது? இப்ப எறங்கிப் போனது கமலாதானே?"

"நான்தான் தேடினேன்ணா. எனக்குத்தான் வலிப்பு."

அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதை மெஷின் எடுக்கக் கூடாது.

2. மூன்று பிரௌசர்

கூட்டமில்லாத மதியங்களில் மூன்று பிரௌசரிலும் 'மூலம்' என்று தேடிப் பார்த்தேன். மெஷினோடு வந்த பிரௌசர், போளூரில் இருக்கும் முதலாளியின் லாகினில் ஓடியது. தேடியதெல்லாம் அவர் போனுக்கும் போயிருக்கிறது. அடுத்து செய்தி படிக்கப் போனால் அங்கேயும் மூல மருந்து விளம்பரம். இரண்டாவதில் ப்ரைவேட் விண்டோ உண்டு. மூடினால் இங்கே ஹிஸ்டரி அழியும்; நாம் போன சைட்டுக்கும் நெட் கொடுப்பவருக்கும் அது மறைவதில்லை. மூன்றாவது, நம்மைப் பின்தொடர சைட்டுகள் போட்டு வைக்கும் குக்கிகளைத் தானே தடுத்தது, மூடும்போது எல்லாவற்றையும் துடைத்தது. சில சைட் அதில் திறக்க அடம்பிடிக்கும். பிடிக்கட்டும் என்று அதையே வைத்து, முதலாளியின் லாகினை எடுத்துவிட்டேன்.

3. முதலாளி வந்த நாள்

ஐப்பசியில் அவர் ஒரு புது பிரௌசரோடு மலையேறி வந்தார்.

"நம்ம சென்டர் எல்லாத்துக்கும் இனிமே இதான். ஜனங்க இன்னா தேடறாங்கன்னு இதக் குடுத்த கம்பெனிக்குத் தெரியணுமாம். பேரெல்லாம் எடுக்க மாட்டாங்கம்மா. ஊரு, நேரம், தேடினது. அவ்ளோதான்."

"சார், இங்க ஓடுறது ஒரே ஜீப்பு. எந்த நேரத்துல யாரு எறங்கினாங்கன்னு ஊருக்கே தெரியும். நேரத்தச் சொன்னா ஆளச் சொன்ன மாதிரி."

"பெரிய சிஐடி இவ! மலைக்கு எவன் வந்து பாக்கப் போறான்?"

"மலையில இருக்கறவங்க பாப்பாங்க சார். நான் போட மாட்டேன்."

"அப்ப மெஷின எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பேன்."

"எடுத்துக்கோங்க. ஏன் எடுத்தீங்கன்னு ஜீப்புல வர்றவங்க கேப்பாங்க. நான் சொல்றேன்."

அவர் மேசை மேல் கிடந்த இரும்புச் சாவிக் கொத்தை எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னா?"

"வெள்ளையண்ணன் குடுத்தது. வலிப்பு வந்தா கையில புடிச்சிக்கணுமாம்."

"உனக்கா வலிப்பு?"

"இந்தச் சென்டர்ல யாருக்கு வந்தாலும் எனக்குத்தான் சார்."

மெஷின் இங்கேயேதான் இருக்கிறது, மூன்றாவது பிரௌசரோடு. மாசியில் கமலா அக்காவின் மகள் வெள்ளையன் பையனிடம் தானே போய்ச் சொன்னாள். அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: பெயரை எடுக்க மாட்டோம் என்று யாராவது சொன்னால், உங்கள் ஊருக்கு எத்தனை ஜீப் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.