கயிற்றுக்கு அந்தப் பக்கம் டீச்சர்

கோலம் போடக் குனிந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் வெறும் கால்கள்தான். மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில், தீபாவளிக்காக நான் வண்ண அரிசிக் கோலம் போட்ட முதல் வருடம், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு வந்து நின்றது. நகரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர்! தமிழ்ப்பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். இந்த ஊரில் எந்தப் பேரங்காடியும் கோலமென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடும். நானோ பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, கண் எரிய வந்து உட்கார்ந்தவள். அவர் வழக்கமாகப் போடும் இடம் அந்த வருடம் எனக்குக் கிடைத்திருந்தது.

"மயிலு நல்லா தின்னு கொழுத்த கோழி மாதிரி இருக்கு லா," என்றார். கூட்டம் சிரித்தது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய இவர்! ஆனால் அவர் தலை மறைந்ததும் மயிலின் கழுத்திலிருந்த நீல அரிசியை வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். பாழாய்ப்போன மனுஷி சொன்னது சரிதான்.

அன்று பிடித்த பகை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வருவார், ஒரே ஒரு குறை சொல்வார், போய்விடுவார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? அவர் கோலம் போடும் இடத்துக்குப் போய், "தாமரைக்குத் தண்ணி ஊத்தலையா டீச்சர்? வாடிப் போச்சே!" என்று கேட்டுவிட்டு வருவேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் வாயால் ஒரு தடவை "நல்லாருக்கு" என்று வரவேண்டும். மற்றவர்கள் ஆயிரம் சொன்னாலும் மனதில் ஒட்டவில்லை. எது கஷ்டம், எது சுலபம் என்று தெரிந்து பார்க்கிற கண் அவருக்குத்தான் இருந்தது.

ஒரு வருடம் புதிதாக வந்த சீன மேலாளர், விவரம் தெரியாமல், ஒரே வட்டத்தை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டார். சேர்ந்து போட்டால் சீக்கிரம் முடியுமாம். அடக் கடவுளே! முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போட்டோம். என் பாதியில் மயில்கள், அவர் பாதியில் கோபுரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் என் சிவப்பும் அவர் சிவப்பும் சேரவில்லை.

"உன் செவப்ப மாத்து."

"நீங்க மாத்துங்க டீச்சர்."

இருவரும் மாற்றவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தரையை விட்டுவிட்டு எழுந்தோம். அந்த இடைவெளிதான் புதுமை என்று மக்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்துவிடுமோ என்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சென்ற வருடம் டீச்சர் இறந்துபோனார். துக்க வீட்டில் "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? உறவில்லை, தோழியில்லை, அவரிடம் படித்தவளும் இல்லை. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அழக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்தத் தீபாவளிக்கு வட்டம் முழுவதும் எனக்கே. போட்டு முடித்து எழுந்தபோது கைதட்டினார்கள். கூட்டத்திலிருந்து டீச்சரின் மகள் வந்தாள். உலு திராமில் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, மத்தவங்க கோலத்துக்கெல்லாம் அம்மா 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு நிக்காம வந்துருவாங்க. உங்களோடத மட்டும்தான் வீட்டுக்கு வந்தும் பேசிக்கிட்டே இருப்பாங்க. 'அடுத்த வருஷம் அவ என்னத்தப் போடுவாளோ'ன்னு."

அவள் கையைப் பிடித்தேன்.

"நீ பாத்து சொல்லும்மா. இதுல என்ன குறை?"

பாவம், எனக்காகக் கோலத்தை ஒரு சுற்று நிதானமாகச் சுற்றி வந்தாள். ஏதாவது சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி. எல்லாமே நல்லாருக்கு."