வேலைநிறுத்த நாட்களில் அக்கா போட்ட சோறு

அக்கா பெருமாள் திருவடி சேர்ந்து ஆண்டுகள் சில ஓடிவிட்டன. ஒவ்வொரு திதிக்கும் இதை எழுத உட்காருவேன். யார் மனதாவது புண்படுமோ என்று கை நின்றுவிடும். நான் மலைக்கோட்டை ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவன், படிப்பும் கொஞ்சம்தான். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

அக்கா பிறந்தது பாலக்கரையில். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அப்பா காலமானார். அக்கா டியூஷன் எடுத்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சி முடித்து, அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து, என்னையும் கரையேற்றினார். ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பின், கோபுரத்தைச் சேவிக்காமல் அவர் பஸ் ஏறியதே இல்லை.

எந்த வேலைநிறுத்தத்துக்கும் அக்கா பின்வாங்கியதில்லை. தலைமையாசிரியை ஆன பிறகு, பழைய ஓய்வூதியம் கேட்டு நடந்த போராட்டத்திலும் போய் உட்கார்ந்தார்.

"உனக்குத்தான் பென்ஷன் உண்டே, அப்புறம் என்னக்கா?" என்றேன்.

"பின்னால வந்தவங்களுக்கு இல்லையேடா. முன்னெல்லாம் போலீஸ் பிடிச்சு மண்டபத்துல அடைச்சா எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவோம். இப்ப பழைய பென்ஷன், புது பென்ஷன், தொகுப்பூதியம்னு தனித்தனியா உக்கார்றாங்க."

அந்தச் சமயத்தில்தான் சத்துணவு ஆயா வீடு தேடி வந்தார். "டீச்சரம்மா, பிள்ளைங்க தட்டோட கேட்டுல நிக்குதுங்க." பள்ளிச் சாவி அக்காவிடம் இருந்தது. அதை வேறு கையில் கொடுத்தால், தற்காலிக ஆசிரியர்களை வைத்துப் பள்ளியை நடத்திவிடுவார்கள், போராட்டம் முறிந்துவிடும் என்று பயந்தார். அதனால் தினமும் தாமே போய்த் திறந்து, சோறு போட்டு, பூட்டிவிட்டுப் போராட்டப் பந்தலுக்குத் திரும்பினார்.

ஒரு நாள் அதிகாரி வந்து, "வந்தாச்சுல்ல, கையெழுத்துப் போட்டுடுங்க. சம்பளமாவது கிடைக்கும்" என்றார்.

"சோறு போட வந்தேன் சார். வேலைக்கு வரல."

சம்பளம் பிடிக்கப்பட்டது. அதற்கு அக்கா வருந்தவில்லை. ஆனால் பள்ளி திறந்திருந்ததைப் பார்த்த இளம் ஆசிரியை ஒருவர், அக்காவே வேலை பழக்கியவர், பந்தலில் எல்லோர் முன்னும் கேட்டார்: "கருங்காலிக்கு இங்க என்ன வேலை, டீச்சர்?"

"பிள்ளைங்க பசிக்குதுன்னுச்சும்மா."

"அப்ப அங்கயே பரிமாறிக்கிட்டு இருங்க!"

சிலர் சிரித்தார்களாம். அக்கா எழுந்து போகவில்லை. போராட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதன்பின் பள்ளியில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓய்வு பெற்றபோது வழியனுப்பு விழாவும் இல்லை.

நோயில் படுத்தபின் தினமும், "ஸ்கூல்லேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?" என்பார். "வருவாங்கக்கா" என்பேன். ஆயா ஒருவரைத் தவிர யாரும் வரவில்லை. ஓர் ஏகாதசியன்று, துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு கண் மூடினார்.

கடைசிவரை உடனிருந்து உடம்பு துடைத்துவிட்ட அந்த ஆயாவுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், தீர்த்தம் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் அடியேனின் நன்றி.

படிக்கும் உறவினர்களே, ஆசிரியப் பெருமக்களே, இதைச் சொன்னால் முழுவதுமாகச் சொல்லுங்கள். சோறு போட்டதை மட்டும் சொல்லி அக்காவைப் புண்ணியவதி ஆக்கிவிடாதீர்கள். அவர் போராட்டத்தை விட்டு விலகவில்லை என்பதையும் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும், கருங்காலி என்ற அந்தச் சொல்லையும் எடுத்துவிடாதீர்கள். அதைச் சுமந்துகொண்டுதான் அக்கா போனார்.