சேராத மூன்று பக்கங்கள்

மூத்த மருமகளுக்கு வந்த முக்கோணம் என்ற பட்டப்பெயர் சொந்தக்காரர்கள் காதில் முதலில் விழுந்தது கொழுந்தன் வாயால்தான். "அண்ணி தூக்கத்துலயும் முக்கோணம்தான் போடுறாங்க!" என்றான். வீடே சிரித்தது, அவன் மனைவியும் சிரித்தாள். அந்த அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், அவளும் கொழுந்தன் மனைவியுமாக ஓரகத்திகள் இருவரும் போன கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மூன்று பக்க அளவைச் சொன்னால், எந்த வகை முக்கோணம், சுற்றளவு எவ்வளவு என்று புரோகிராம் சொல்ல வேண்டும். மூத்தவளுக்கு மண்டையில் ஏறவில்லை. சின்னவள் எழுதியதை அவளுக்குத் தெரியாமல் எடுத்துத் தன்னுடையதாகக் கொடுத்துவிட்டாள். பக்கங்களுக்குச் சின்னவள் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளின் செல்லப் பெயர்களைக்கூட மாற்றவில்லை.

ஆசிரியர் இரண்டு, மூன்று, ஒன்பது என்று கொடுத்துப் பார்த்தார். ஒன்றோடொன்று சேரவே சேராத அந்தப் பக்கங்களையும் இரண்டு புரோகிராமும் முக்கோணம் என்றே சாதித்தன.

"தப்புகூட அச்சு அசலா ஒண்ணு! யாரும்மா பார்த்து எழுதினது? அவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

வீடு திரும்பும் வழியில் மூத்தவள், "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றாள்.

"அத்தான் படுத்த படுக்கையா கிடக்காரு. சான்றிதழும் வேலையும் உங்களுக்குத்தான்க்கா முதல்ல வேணும்."

அன்றிலிருந்து மூத்தவள் அதே பயிற்சியைத் தினமும் சரியாக எழுதிப் பார்த்தாள். ஆசிரியரிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தாள், சொல்லவில்லை.

சின்னவள் வீட்டில் இருந்தபடி அத்தானுக்கு மருந்து கொடுக்கிறாள். மூத்தவள் இப்போது நில அளவை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள்.