கொள்ளிக்கு வராதவன்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ராஜ்மோகனிடம் தப்பியவர்கள் இரண்டே வகை. ஒன்று முதலாளிகள், இன்னொன்று செத்துப்போனவர்கள். யோசித்துப் பார்த்தால் செத்தவர்களையும் அவன் சும்மா விட்டதில்லை.

மின்கம்பத்துப் பீங்கானும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் டைம் ஆபீஸ் பொறுப்பாளன். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்ப்பது அவன் வேலை. சம்பளத்துக்குச் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். ராஜ்மோகன் அதை ருசித்துச் செய்தான். கேட் பக்கத்தில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, 'இன்று ஏமாற்றியவர்கள்' என்று தலைப்பிட்டு, வராதவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவான். காய்ச்சல் என்று சொன்னவன் வீட்டுக்கு பைக்கில் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். தலைவலி என்று சொன்னவன் டீக்கடையில் நின்றால் போட்டோ எடுத்து கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் தன் டீயைக் குடிப்பான்.

"சித்தப்பன் செத்தான், அத்தை செத்தாள்னு இவனுங்களுக்கு வாரம் ஒரு சாவு சார்" என்று மேனேஜரிடம் ஓதி, ஒரு புது விதியையும் கொண்டுவந்தான். அப்பா, அம்மா, கட்டினவர், பெற்ற பிள்ளை செத்தால் மட்டுமே லீவு. அதுவும் பிணத்தின் முகம் தெரிகிற போட்டோ அனுப்பினால்தான். "பிரில்லியன்ட், ராஜ்மோகன்" என்றார் மேனேஜர். அந்த ஒரு வார்த்தையை அவன் பல நாள் சப்பிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அந்த வட்டாரத்து இழவு வீடுகளில், கைகூப்புவதற்கு முன்னால் செல்போனை எடுக்கிற மனிதன் ஒருவனை ஜனங்கள் பார்த்தார்கள்.

இப்பேர்ப்பட்டவனையும் ஒருத்தி வளர்த்திருந்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட, தகப்பன் வேறு குடும்பம் தேடிக்கொள்ள, ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தி வீராயிதான் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் குழந்தை இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய், குனிந்த இடுப்பு நிமிராமல் அவனை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்கவைத்தாள். வேலை கிடைத்ததும் அவன் விருத்தாசலத்தில் வீடு பார்த்துக்கொண்டான். அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கு இடமிருந்தது, வாஷிங் மெஷினுக்கு இடமிருந்தது, சித்திக்கு மட்டும் இடம் போதவில்லை. அவளோ அதைக்கூடக் குறையாகச் சொன்னதில்லை.

"நீ சோறு போட வேணாம் ராசா. நான் போயிட்டா, வந்து கொள்ளி மட்டும் வச்சிடு" என்பாள். ஒவ்வொரு முறையும் அவன் சரியென்று தலையை ஆட்டுவான்.

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரி ஆராயியும் இதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பீங்கானை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை. காண்ட்ராக்ட் ஆள். வீராயி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் திரும்பி வந்த அன்றைக்கு, கேட்டிலேயே அவளை நிறுத்தினான் ராஜ்மோகன்.

"எங்க போன?"

"ஆசுபத்திரிக்கு சார். வீராயி அத்தைய சேர்த்திருந்தாங்க."

"அது ஒனக்கு என்ன சொந்தம்?"

"எனக்கு இல்ல சார். ஒங்களுக்கு."

வரிசையில் நின்ற யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மனிதன் என்றால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். ராஜ்மோகன் சிவப்புப் பேனாவைத் திறந்தான். "இன்னொரு வாட்டி வரலன்னா வேல கெடையாது" என்றான்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் சித்தி போய்ச் சேர்ந்தாள். அதே தெருக்காரன் மதிவாணன் போன் செய்தான். கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன் அவன்.

"அண்ணே, சித்தி போயிட்டாங்க. நீங்க வந்தாதான் எடுக்கணும்னு தெருவுல சொல்றாங்க."

ராஜ்மோகன் கட்டிலில் உட்கார்ந்தான். கண் கலங்கியது. பொய் சொல்வானேன், கலங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் கணக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் பர்சனல் ஆபீசர் பதவி யாருக்கு என்று மேனேஜர் முடிவெடுக்கிறார். வருஷம் முழுக்க லீவே எடுக்காதவன் என்பது அவனுடைய ஒரே தகுதி. தவிர, சித்தி செத்தால் லீவு இல்லை. அந்த விதியை எழுதிய புத்திசாலி அவனேதான்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடறேன் மதி. பாடிய வச்சிருங்க. ஆமா, நீ டூட்டிக்கு வந்துடுவல்ல?"



"தூக்கறதுக்கு ஆளு வேணுமேண்ணே" என்று சொல்லிவிட்டு மதிவாணன் போனை வைத்தான்.

ராஜ்மோகன் குளித்தான், திருநீறு பூசினான், கம்பெனிக்குப் போய் மெஷினில் பெருவிரலை வைத்தான். பிறகு பலகையில் மதிவாணன் பெயரையும் ஆராயி பெயரையும் சிவப்பில் எழுதினான். வராதவர்களைக் குறைத்த கதையைக் கலர் படங்களோடு மேனேஜருக்கு விளக்கியபோது மேஜை மேல் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தான். சாப்பாட்டு நேரம் போயிற்று. வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ரெண்டு பேரு வரல சார். நேர்ல போயி செக் பண்ணிட்டு வந்துடறேன்."

வளர்த்தவள் சாவுக்குக் கம்பெனி பெட்ரோலில் போனான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் புகை எழும்பிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வரவே, இனிமேல் காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் பாடையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். கொள்ளிச்சட்டி யாருக்கு என்ற கேள்வி வந்தபோது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "மருந்து ஊத்துன கை, இதையும் செய்யும்" என்றாளாம். அந்தத் தெருப் பெண்கள் சுடுகாட்டு எல்லையை மிதித்ததில்லை. அன்றைக்கு அவளை யாரும் தடுக்கவில்லை.

"யாரைக் கேட்டு வச்ச?" என்றான் ராஜ்மோகன்.

"ஒங்க சித்தியத்தான். நீங்க போன எடுக்கலன்னு அவங்களும் சாயங்காலம் வரைக்கும் படுத்துக்கிட்டுப் பாத்தாங்க."

அந்த இடத்தில் அவன் விழுந்து அழுதிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். எரிகிறவளும் மன்னித்திருப்பாள், அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான். ஆராயி, மதிவாணன், பின்னால் புகை, எல்லாம் விழும்படி ஒரு போட்டோ எடுத்தான். அப்படியே குரூப்புக்கு அனுப்பினான்.

மறுநாள் மேனேஜர் ஆராயியைக் கூப்பிட்டார். பக்கத்தில் கைகட்டி நின்றான் ராஜ்மோகன்.

"யார் இறந்தது?" என்றார் மேனேஜர்.

ஆராயி ராஜ்மோகனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வேலை தப்பிக்கும். ஆனால் நேற்று அவன் போனது எதற்கு என்பதும் வெளியே வந்துவிடும்.

"தெரியல சார்" என்றான். "யாரோ ஒரு கெழவி."

ஆராயி அழுவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"சரிங்க சார். பதினாறாம் நாளு காரியத்துக்கு நீங்க வந்துடாதீங்க. யாரோ கெழவி வூட்டுக் காரியம்."

பதவி அவனுக்குத்தான் கிடைத்தது. கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தான். மதிவாணன் தன் பங்கை கேட்டில் படுத்திருந்த நாய்க்கு வைத்தான்.

பதினாறாம் நாள் காலையில் பர்சனல் ஆபீசர் ராஜ்மோகன் புதுச் சட்டையோடு கேட்டில் நின்றான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் பஸ் காலியாக வந்தது. துடைக்கிற பகுதியில் ஒருத்திகூட இல்லை. சூளைக்கு அடுக்க ஆள் இல்லை. பேட்டையிலேயே குடியிருப்பவர்கள்கூட, கம்பெனி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனார்கள். உள்ளே பச்சைப் பீங்கான் எல்லாம் தொடுவாரில்லாமல் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது.

மேனேஜர் வேகமாக வெளியே வந்தார். "எங்கய்யா எல்லாரும்? என்ன காரணம்?"

ராஜ்மோகனுக்குக் காரணம் தெரியும். அந்த ஊரிலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத இடம் போதாத அந்தப் பலகையின் முன்னால் அவன் நின்றுகொண்டே இருந்தான்.