அண்ணி தேர்ந்தெடுத்த துப்பாக்கி

யாங்கோனில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் இரும்புக் கவ்வி, மேல் நுனியில் சின்ன மணி. செய்தித்தாளோ வெற்றிலைப் பொட்டலமோ, கீழே நிற்பவர் கவ்வியில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாம் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் எங்கள் மணி அடித்தது. நானும் அண்ணியும் நான்காம் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம். கீழே வெற்றிலைக் கடை அம்மா தன் பெரிய குடையை விட்டு வெளியே வந்து, அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவ்வியில் ஒரு சாண் நீள ஸ்பிரிங் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பறந்துபோய் அவர் குடைமேல் விழுந்தது அதுதான். அண்ணி கயிற்றை இழுக்க இழுக்க, அது வெயிலில் மின்னியபடி மேலே வந்தது. பாதி வழியில் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் நான்தான். அண்ணன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அம்மா போன பிறகு, அவனாகவே மோல்மேனில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வீட்டுப் பேச்செல்லாம் பர்மியம். அண்ணிக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அவர் வந்த முதல் வாரத்தில் பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “அண்ணன் ஒரு ஊமையைக் கட்டிட்டு வந்திருக்கான், இனிமே நான்தான் அதோட குடித்தனம் பண்ணணும்” என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் துவைத்த துணிக் கூடையோடு அண்ணி நிற்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், ஒவ்வொரு துணியாக உதறிக் காயப்போட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் சோறு ஆயிற்றா, தண்ணீர் வருகிறதா என்ற அளவில், அதுவும் பர்மியத்தில்தான் பேச்சு. அண்ணி முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு கடைகளுக்குக் கான்வாஸ் கூரையும் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கு மூடாக்கும் தைத்தார். நான் கியாக்டடாவில் ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

துப்பாக்கி விளையாட்டு அந்த அலுவலகத்தில்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது. பேட்டரியில் ஓடும் விளையாட்டுத் துப்பாக்கிகள் அவை, ஏர்சாஃப்ட் என்பார்கள். உள்ளே ஒரு மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்ற, அவை ஒரு ஸ்பிரிங்கை இழுத்து விட, அது தள்ளும் காற்றில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டு பறக்கும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு இரண்டு அணியாகப் பிரிந்து ஆட வேண்டும். நகருக்கு வெளியே மாவ்பியில் ஆள் நடமாட்டமில்லாத பழைய கோழிப்பண்ணை ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்காக எடுத்திருந்தார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி அங்கே அழைத்துப் போனாள். முதல் நாளே கழுத்தில் செந்நிறப் பொட்டுப் போல ஒரு தடிப்பு, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. ஆனாலும் புல்லுக்குள் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த அந்தப் பத்து நிமிடத்தில், நான் யார், எத்தனை வயது, ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. அந்த மறதிக்காகவே மறுபடி போக வேண்டும் என்று தோன்றியது.

தோழியிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியின் தோள்வார் அன்று அறுந்துவிட்டது. வீட்டில் அதை மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் வார் தைத்து வைக்கப்பட்டிருந்தது, இரட்டைத் தையலில், குறுக்கே ஒரு பெருக்கல் குறியோடு. அண்ணி இயந்திரத்தை விட்டுத் திரும்பாமல், இது எதற்கு என்று பர்மியத்தில் கேட்டார். சொன்னேன். குண்டு பட்டால் வலிக்குமா என்றார். கழுத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன் என்று ஏனோ அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தமிழில், “நானும் வரும்” என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவராக என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்.

கடை சூலே பகோடாவுக்குப் பக்கத்துச் சந்தில், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். எனக்குப் பிடித்தது எது என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது: நீளமாக, கறுப்பாக, உலோகத்தில் செய்தது, மேலே தொலைநோக்கி, கீழே கைப்பிடி, பக்கத்தில் விளக்கு. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. கடைக்காரரிடம் தையல் இயந்திரம் வாங்கப் போனவர்போலக் கேள்வி கேட்டார். பழுதானால் யார் பார்ப்பார்கள், உதிரிப் பாகம் இந்த ஊரிலேயே கிடைக்குமா, வாங்கியவர்கள் எதை அதிகமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் என் கறுப்புத் துப்பாக்கியைச் சங்கடத்தோடு பார்த்தார். அண்ணி அதை எடுத்து என் கையில் கொடுத்து, தோளில் வைத்து நிற்கச் சொன்னார். கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் சொல்லியிருந்தார். அது வரும்வரை நிற்க வேண்டும் என்பது அண்ணியின் நிபந்தனை. தேநீர் வருவதற்குள் என் இடக்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பிறகு அவர் காட்டியது குட்டையான, மணல் நிறத்து நைலான் துப்பாக்கி. பார்க்க ஏதோ துளைபோடும் கருவி போல இருந்தது. தேநீரைக் குடித்து முடித்த பிறகும் அதைத் தாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடிந்தது. வாங்கினோம். பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அண்ணி அதை மடியில் வைத்து, பெட்டியின் இடுக்கு வழியாக இணைப்பு எங்கே, திருகு எங்கே என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசை பட்டறையாயிற்று. எனக்குக் கை குட்டை. தோளில் பதியும் கட்டையை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் கன்னம் சரியான இடத்தில் உட்காரவில்லை. அண்ணி தையல் நாடாவால் என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார், கழுத்தை அளந்தார். ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல இருந்தது. கட்டையில் இரண்டு விரற்கடை அறுத்தெடுத்து, கன்னம் படும் இடத்தில் கான்வாஸுக்குள் பஞ்சு வைத்துத் தைத்தார். முன்கைப்பிடி வியர்வையில் வழுக்குகிறது என்றதும் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினார். பஸ்ஸில் கொண்டுபோகும்போது யாரும் பயப்படக் கூடாது என்று, பூப்பந்து மட்டை வைப்பது போன்ற பையொன்றும் தயாரானது. இதில் எதற்கும் எங்களுக்குள் அதிகம் பேச்சு தேவைப்படவில்லை. பேசாமலே இருவர் ஒரு மேசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கலாம், அது வெறுப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே கை வைத்தது சத்தத்தால். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி கீச்சென்று அழுதது. எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான் என்று தோழி சொன்னாள். அண்ணி காதை வைத்துக் கேட்டுவிட்டு, பல்சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது, என் தையல் இயந்திரமும் ஒரு காலத்தில் இப்படித்தான் அழுதது என்றார். துப்பாக்கிக்குள் இருந்த பல்சக்கரப் பெட்டியைப் பிரித்தோம். அதற்குள் அழுத்தி வைத்திருந்த ஸ்பிரிங்கை முதலில் தளர்த்த வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மூடியைத் தூக்கிய நொடியில் அது பால்கனிக் கதவு வழியாக வெளியே போய்விட்டது. அப்படித்தான் அது வெற்றிலைக் கடை அம்மாவின் குடைக்குப் போய்ச் சேர்ந்தது. பல்சக்கரங்களுக்கு அடியில் காகிதம்போல மெல்லிய வாஷர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, சுற்றிப் பார்த்து, எடுத்து, மறுபடி போட்டு, அண்ணி அந்த அழுகையை நிறுத்தினார். திரும்பி வந்த ஸ்பிரிங்கைப் போட வேண்டாம் என்றார். பிரிப்பதற்கு முன்பே ஒரு தார்ப்பாய்த் துண்டை நாற்காலியில் கட்டிச் சுட்டுப் பார்த்திருந்தார். குண்டு தார்ப்பாயைத் துளைத்திருந்தது. இன்னொரு மனிதர்மேல் இதைச் சுட முடியாது என்று சொல்லி, கடையிலிருந்து மெலிந்த ஸ்பிரிங் ஒன்றை வாங்கிவரச் செய்தார். தூரம் குறையுமே என்று நான் முனகினேன். கிட்டப் போய்ச் சுடு என்றார்.

புதுத் துப்பாக்கியோடு மாவ்பிக்குப் போன முதல் ஞாயிறு அண்ணியும் கூட வந்தார், பார்ப்பதற்கு. ஓர் அணியில் ஆள் குறைந்தது. தோழி அவரைக் கேட்க, தலையாட்டிவிட்டார். இடுப்பில் பூப்போட்ட தமெய்ன் கைலியை இறுகச் செருகிக்கொண்டு, தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னத்தின்மேல் முகமூடியைக் கட்டிக்கொண்டு, இரவல் துப்பாக்கியோடு எனக்கு எதிரணியில் நின்றார். இந்த ஆட்டத்தில் நடுவர் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. குண்டு பட்டவரே கையைத் தூக்கி, பட்டது என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நானே இரண்டு முறை சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

கடைசியில் அவர்கள் அணியில் அண்ணி மட்டும் மிஞ்சினார். எங்கள் பக்கம் நான் ஒருத்தி. இடிந்த கொட்டகைக்குப் பின்னாலிருந்த கோரைப் புல் அசைந்ததைப் பார்த்துச் சுட்டேன். புல் அசைவது நின்றது. தவறிவிட்டது என்றே நினைத்தேன். இடம் மாறுவதற்காக எழுந்து, மறைவில்லாமல் முழு உருவமும் தெரிய நின்றேன். அவர் அப்போது சுட்டிருந்தால் நான் காலி. அதற்குப் பதிலாகப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. “பட்டுச்சு” என்றார், தமிழில், சத்தமாக. எல்லோரும் பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் கத்துகிற அந்தப் பண்ணையில் அந்த ஒரு சொல் எனக்காக மட்டும் சொன்னதுபோலக் கேட்டது. அவருடைய அணிக்காரர்கள், பேசாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமே என்று சிரித்தார்கள். பட்டது பட்டதுதானே என்று அவர் அவர்களுக்குப் பர்மியத்தில் சொல்லிவிட்டு, துப்பாக்கியிலிருந்த புல்லைத் தட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பாதி தூரம் வந்ததும் ஆரம்பித்தேன். அன்று போனில் பெரியம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்டேன். ஒரு நிறுத்தம் போயிற்று. பிறகு அவர் சொன்னார்:

“அன்னைக்கும் பட்டுச்சு. கை மட்டும் தூக்கலை.”

எனக்கு அழுகை வந்தது. தப்பு என்னோடதுதான் அண்ணி, நீங்க ஊமை இல்லை, எனக்குத்தான் வாய் நீளம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கோபம் இருந்தது, அப்புறம் கோபம் போய் வெறும் பழக்கம்தான் இருந்தது என்று மட்டும் பர்மியத்தில் சொன்னார். பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றபோது, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆள் நல்ல திடம். பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். கான்வாஸில் தனக்கொரு கால்சட்டை தைத்துக்கொண்டு அண்ணி வாராவாரம் வந்தார். வீட்டில் தமிழில் பேசத் தொடங்கினார். “நான் போகும்”, “அவன் சாப்பிட்டது” என்று வினைச்சொற்களெல்லாம் குப்புற விழும். இருவரும் சிரிப்போம். அவர் சமைக்கும் மோல்மேன் குழம்பில் என்ன சேர்கிறது என்று ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கேட்டேன்.

பிறகு ஊரில் காலம் மாறியது. தெருமுனைகளில் சிப்பாய்கள் பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். துப்பாக்கியின் சாயலில் எதையும் வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனமில்லை என்று ஆயிற்று. கோழிப்பண்ணை ஆட்டம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது, கடையும் மூடிவிட்டது. ஒரு நாள் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் அந்த மணல் நிறத் துப்பாக்கியை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்தோம். கன்னம் பதியும் இடம் வந்ததும் நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணி, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை கிழிந்தால் அளவு மறந்தா போகும் என்று சொல்லி, துண்டுகளைக் காய்கறிக் குப்பையோடு கலந்து நாலைந்து நாளில் வெளியேற்றினார். மோட்டாரை மட்டும் எடுத்து வைத்து, தையல் நூலைச் சுற்றுவதற்குப் பொருத்திக்கொண்டார். அது அழாமல் ஓடியது.

இப்போது அண்ணன் கப்பலை விட்டுவிட்டான். இருவரும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்; அண்ணிக்கு அங்கே கான்வாஸ் வேலைக்கு விசாலமான இடம் கிடைத்திருக்கிறது. அந்த நான்காம் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். தனிமை என்று சொல்ல மாட்டேன்; வாரம் ஒரு முறை பாலம் தாண்டிப் போய்விடுகிறேன். போன வாரம் நானும் அண்ணியும் முற்றத்தில் ஒரு பெரிய கூரைத் துணியின் இரு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னெல்லாம் லீவில் வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பீர்கள், எப்போதிருந்து இப்படி ஆனீர்கள் என்று கேட்டான். கடலில் இருக்கிறவனுக்கு எதற்குக் கவலை என்று நாங்கள் எதையும் அவனுக்கு எழுதியதில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் துணியின் முனையை என் கையில் கொடுத்து, என் முனையை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் துப்பாக்கி வாங்கப் போனோம்,” என்றார், பிசகில்லாத தமிழில்.

சொல்ல விருப்பமில்லை என்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணன் தேநீர் போட உள்ளே போனான்.