ஏழு மாதத்துப் பிள்ளை மலை ஏறிய கதை

என்னை யாரிடமும் அறிமுகப்படுத்த அம்மாவிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது: "இது ஏழு மாசத்துல பொறந்த பிள்ளை, கொஞ்சம் பாத்துக்குங்க." பள்ளி ஆசிரியை, பஸ் டிரைவர், பெண் பார்க்க வந்தவர்கள் என்று ஒருவரையும் விட்டதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் என் பால்குடத்தைக்கூடப் பாதியில் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வாள். நாற்பது வயதில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மலேசியாவிலேயே உயரமான கினபாலு மலையின் உச்சியில் நின்று ஒரு படம் எடுத்து அவள் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

பினாங்குக்காரிக்குப் பயிற்சி வேறெங்கே? தினமும் விடியலில் தண்ணீர்மலைதான். பெரிதாக மூச்சு வாங்கவில்லை. முருகனே பாஸ் போட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய இதய டாக்டர் சிரித்தார்.

"அது குன்றுலா அக்கா. அங்க காத்துக்கு என்ன குறைச்சல்?"

குறைமாதத்தில் பிறந்த சிலருக்கு இதயமும் நுரையீரலின் ரத்தக் குழாய்களும் சற்று வேறு மாதிரி வளர்ந்திருக்குமாம். காற்று மெலிந்த உயரத்தில் இதயம் கூடுதலாகத் திணறலாமாம். எல்லோருக்கும் அப்படி இல்லை.

"போங்க, ஆனா மெதுவா. உட்கார்ந்த பிறகும் படபடப்பு அடங்கலன்னா இறங்கிடுங்க."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலையில் உச்சிக்குக் கீழே உள்ள தங்குமிடம்வரை ஏறிவிட்டேன். ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யாத என் கணவர் தொப்பையைத் தடவிக்கொண்டு இரண்டாவது தட்டு நாசி கோரேங் சாப்பிட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். நெஞ்சு மட்டும் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. 'அடங்கித் தொலையேன், சனியனே' என்று திட்டினேன். அது கேட்கவில்லை. வழிகாட்டி என் உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, உடனே இறங்கச் சொன்னார். கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"வா, நானும் வரேன். மலை எங்கயும் ஓடிடாதுலா."

இறங்க இறங்கப் படபடப்பு தணிந்தது, ஆத்திரம் தணியவில்லை. அடிவாரத்தில் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்து, நெஞ்சு அடங்காமல் பாதியில் இறங்கிவிட்டதைச் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவள் ஆரம்பித்தால் திருப்பிக் கொடுக்கச் சண்டையெல்லாம் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா வேறெங்கோ ஆரம்பித்தாள்.

"பொறந்தப்ப உன்னத் தூக்கக்கூட விடல. கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னு, நெஞ்சு அசையுதா அசையுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தக் கண்ண அதுக்கப்புறம் எடுக்கவே முடியலம்மா. இன்னிக்குத்தான் உன் நெஞ்ச நீயே பாத்துக்கிட்ட. இனிமே நான் கொஞ்சம் தூங்குறேன்லா."