என்ர வெங்காயம்

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராததால் சுவிஸில், லோசான் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் கோப்பை கழுவப் போனேன். பக்கத்து மெஷினில் நின்றவர் கொலம்பியாக்காரர், என் அப்பாவின் வயது. வேலை முடியும்வரை தன் ஊர்ச் சல்சாப் பாட்டுகள் பாடுவார். அடைத்த குரல். தாளத்தோடு சேர்ந்து போகவே மாட்டார். பஸ்ஸைத் தவறவிட்டவன்போலப் பின்னால் ஓடிவந்து, கதவு மூடுகிற நேரத்தில் சரியாகத் தொற்றிக்கொள்வார்.

"அண்ணை, தொண்டையில மீன் முள்ளோ?" என்று தமிழிலேயே கேட்பேன். சிரிப்பார்.

இருபது வருடமாக ஒரு குழுவில் பாடுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் பின்வரிசையில். முன்னால் நிற்பவர் புதுப்புது வரிகள் பாட, இவரும் இன்னும் இருவரும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிப் பாடவேண்டும். போஸ்டரில் இவருடைய தோள் மட்டும் இருந்தது. அதையும் நான் விடவில்லை, நக்கலடித்தேன்.

ஒருநாள் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் ஏரிக்கரையில் நிகழ்ச்சி. முன் பாடகர் பிந்தி வருவதால் முதல் பாட்டு இவருக்கு. நன்றாக அமைந்தால் இந்தக் கோடை முழுக்க முன்னால் நிற்கலாம் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். சமையலறைத் தமிழருக்காக ஒரு வரி வேண்டுமாம். 'என் உயிரே' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

முகத்தைக் கோயில் ஐயர்போல வைத்துக்கொண்டு, "என்ர வெங்காயம்" என்றேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறன்று எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டின் பாதியில் பின்வரிசைக்காரர் இருவரும் "என்ர வெங்காயம்" என்று தொடங்க, எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பியானோவில் இருந்த குழுத் தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதனின் கோடையையே நாசமாக்கிவிட்டேன்.

கொலம்பியாக்காரர் என்னை நேரே பார்த்தார். தன் வழக்கப்படி பிந்தி வந்து பாடினார்:

"உள்ளி உரி... இஞ்சி இடி... டேய் தம்பி, கெதியா வெட்டடா..."

சுத்த யாழ்ப்பாணத் தமிழ். கடைசியில் "கண்ணெரியுதடா" என்று ஒரு சொல்லை இழுத்தார், இழுத்தார், விழப்போகிறது என்று நாங்கள் பயந்த இடத்தில் மெல்ல வைத்தார். சிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கண்ணைத் துடைத்தார். சுவிஸ் சனம் கைதட்டிக்கொண்டு வெங்காயம் பாடியது.

இறங்கி வந்தவரிடம் தமிழ் தெரியுமோ என்று திக்கித் திக்கிக் கேட்டேன்.

"டாவோஸ் ஹோட்டல்ல ஆறு வருசம் உங்கட ஆக்களோட உரிச்சனான்," என்றார். "உயிரே எண்டு எல்லாரும் பாடுவினம். வெங்காயம் ஒருத்தரும் பாடேல்லை."

அந்த அதிர்ச்சி அடங்கமுதல் குழுத் தலைவர் வந்து அவர் தோளில் தட்டினார். அருமை என்றார். ஆனால் இவர் இல்லாமல் பின்வரிசை பிசகிப்போனதாம். அந்த இடத்துக்கு இப்படி ஆள் கிடைக்காதாம். கோடைக்கும் அங்கேயே நிற்கட்டுமாம். கொலம்பியாக்காரர் தலையாட்டிவிட்டு மேடைக்கு ஏறி, ஓடிவந்த முன் பாடகரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

அடுத்த பாட்டில் பின்வரிசை பதில் வந்த ஒவ்வொரு தரமும் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். முன் பாடகர் தனக்கென்று நினைத்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.